வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா

எவுவா தீவு, தொங்கா
ஞாயிறு, மாலை ஆராதனைக்கு முன்

ஆக்லாந்தில் குடியிருந்தாலும் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலேயே இன்னும் வீற்றிருக்கும் மூத்த சகோதரி கலோலைனி அக்காவுக்கு, உங்களுக்குப் பின்னால் பிறந்து உங்கள் சொல்லுக்குக் கீழே வளர்ந்த தம்பி செமிசி, இடுப்பில் மரியாதைப் பாய் கட்டி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் மனைவி தோவாவும் மகள் சியாலேவும் சுகமாயிருக்கிறோம். பன்றிகளும் சுகம். அதில் ஒரு பன்றி தேவைக்கு மேலேயே சுகமாயிருக்கிறது, அதைப் பற்றிக் கீழே வரும். அத்தானின் முழங்காலும் உங்கள் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கவேண்டி இங்கே தினமும் ஜெபிக்கிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டதும் "சரிக்கா" என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு வாயில் வருவதில்லை. போன மாதம் இந்த விஷயத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அம்மா கல்லறைக்கு வெள்ளை மணல் போட்டாயா என்றீர்கள், சரிக்கா என்றேன். வேலியை ஒழுங்காகக் கட்டு என்றீர்கள், சரிக்கா என்றேன். வைத்துவிட்டீர்கள். மணல் போட்டாயிற்று, வேலியும் கட்டியாயிற்று, விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே எழுதுகிறேன். எழுதும்போது நீங்கள் நடுவில் பேச முடியாது. இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். சியாலேவுக்கு ஜப்பானில் கால்நடை மருத்துவம் படிக்க உதவித்தொகை கிடைத்திருக்கிறது. முதலில் அவர்கள் பாஷை, பிறகு படிப்பு, எல்லாம் முடிய ஏழு வருடம் ஆகுமாம். தங்கும் இடம், சாப்பாடு, விமானம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம் தீவில் பன்றிக்கும் மாட்டுக்கும் டாக்டர் என்று ஒருவர் இருந்ததே இல்லை, இவள் வந்தால் இவள்தான் முதல் ஆள் என்று தலைநகரத்து அதிகாரி போனில் சொன்னார். நான் மிகவும் சந்தோஷம் என்று அவரிடம் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும், அரசாங்க ஆள்.

அவள் போவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்யக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா அக்கா? சகோதரன் பிள்ளைகளுக்கு அத்தை சொல்வதுதான் சொல். நான் பெற்றவன், அவ்வளவுதான். அவளுக்குப் பெயர் வைத்தது நீங்கள், பள்ளிக்கூடம் தேர்ந்தெடுத்தது நீங்கள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எங்கள் ஃபிரிட்ஜ் நன்றாயிருக்கிறது என்றீர்கள், மறுநாள் உங்கள் சொல்படி அது தங்கை சேய்னியின் வீட்டில் இருந்தது. அத்தைக்கு இல்லாத உரிமையா? எனக்கு அதில் கடுகளவும் வருத்தம் இல்லை. இப்போதெல்லாம் மீனுக்கு உப்புப் போட்டுக் காயவைத்துவிடுகிறோம், ருசி கூடத்தான் இருக்கிறது.

நான் செய்த தவறு ஒன்றே ஒன்று. உங்களைக் கேட்பதற்கு முன்னால் சேய்னியைக் கேட்டேன். பக்கத்தில் இருக்கிறாளே, அவளும் அத்தைதானே என்று போனேன். உண்மையைச் சொன்னால், அவள் வேண்டாம் என்பாள் என்ற தைரியத்தில்தான் போனேன். அவள் நடத்துகிற பாடகர் குழுவில் சியாலேதான் பெண்கள் பக்கத்தைத் தூக்கி நிறுத்துகிறாள், அவளை விட்டால் சேய்னிக்குக் குழுவே இல்லை. நான் போன நேரம் அவள் முற்றத்தில் மரப்பட்டைத் துணியை நீளமாக விரித்து, வாயில் ஒரு சாயக் குச்சியைக் கவ்விக்கொண்டு, கையில் இன்னொன்றால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் முறைப்படி வேலிக்கு வெளியே நின்று, என் கால்விரலைப் பார்த்துக்கொண்டு, "சேய்னி, பிள்ளைக்கு ஜப்பான்ல படிப்பு கிடைச்சிருக்கு, அனுப்பலாமாம்மா?" என்று கேட்டேன். லேசாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவளுடைய இரண்டு புருவமும் தலைமுடியில் போய் முட்டிக்கொண்டு நின்றன.

ஆக்லாந்துப் பிள்ளைகளுக்கு மறந்திருக்கலாம், உங்களுக்கு மறந்திராது. புருவத்தைத் தூக்கினால் நம்மிடம் என்ன அர்த்தம்? ஆமாம் என்று அர்த்தம். அதுவும் அந்த உயரத்துக்குத் தூக்கினால் ஆமாம், ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். கூடப்பிறந்தவள் முகத்தை அதற்கு மேல் உற்றுப் பார்ப்பது முறையா? நான் உடனே தலையைக் குனிந்து, "சரிம்மா, உன் சொல்" என்று திரும்பிவிட்டேன். வழியில் போதகர் பிடித்துக்கொண்டார். "என்ன செமிசி, மூஞ்சி செத்துக் கிடக்கு?" என்றார். அத்தை உத்தரவு ஆகிவிட்டது, பிள்ளை போகிறாள் என்றேன். அவர் மறுநாள் ஆராதனையில், பிரசங்கத்துக்கு நடுவே, நம் தீவின் ஒரு மகள் கடல் கடந்து போகிறாள் என்று அறிவித்தார். குழு எழுந்து நின்று வழியனுப்புப் பாட்டையே பாடிவிட்டது. பாட்டில் சியாலேவும் பாடினாள், தன்னையே வழியனுப்பிக்கொண்டு. சேய்னி முன் வரிசையில் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பெருமை என்று நினைத்தேன்.

பாட்டு பாடிவிட்டால் அப்புறம் ஊர் சும்மா இருக்குமா அக்கா? பெண்கள் சங்கம் ஒரு பின்னல் பாய் கொண்டுவந்தது. மேலத் தெருக்காரர்கள் மரப்பட்டைத் துணி கொண்டுவந்தார்கள். பெருவள்ளிக் கிழங்கு வீட்டுக்குள் நடக்க இடம் இல்லாமல் வந்து குவிந்தது. வாங்கிக்கொண்டால் பதிலுக்கு விருந்து, விருந்து என்றால் பெரிய பன்றி. எங்களிடம் பெரிய பன்றி என்று இருப்பது ஒன்றுதான், அந்த ஒற்றைக்காதுப் பெண்பன்றி. வண்டி மோதி வயிறு கிழிந்து கிடந்ததை சியாலே மீன்வலை தைக்கும் ஊசியால் தைத்துப் பிழைக்கவைத்தாள். அன்று முதல் அது வளர்ந்துகொண்டே போகிறது. நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது இவள் வந்து பன்றிக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். "எனக்கு விருந்து வைக்க என் நோயாளியையே வெட்டுவீங்களாப்பா? அப்ப நான் எதுக்கு ஜப்பானுக்குப் போகணும், இங்கேயே கசாப்புக் கடை வைக்கலாமே" என்றாள். தோவா சிரித்துவிட்டாள். அவள் சிரித்த பிறகு வெட்ட முடியுமா? கடைசியில் போதகருடைய பன்றியைக் கடன் வாங்கி மண்ணடுப்பில் வைத்தோம். டின் மாட்டுக்கறியையும் தேங்காய்ப்பாலையும் சேம்பு இலையில் கட்டி மலைபோல லூ அவித்தோம். யாரும் குறை சொல்லவில்லை, அந்த ஒற்றைக்காதுதான் பந்தி முழுக்கச் சுற்றிவந்து மிச்சத்தைத் தின்றது.

விருந்தில் நன்றி சொல்ல நான் எழுந்தேன். நீங்களும் அறிவீர்கள், எழுந்து நின்றால் எனக்குப் பேச்சு நிற்காது. அன்றைக்கு "என் மகள்" என்றேன், அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். இவ்வளவு அருமையான பேச்சை இந்த ஊர் கேட்டதில்லை என்று போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் புகை பட்டுவிட்டது என்று தோவாவிடம் சொன்னேன். "அடுப்பு அந்தப் பக்கம், காத்து அந்தப் பக்கம், உங்களுக்கு மட்டும் புகை இந்தப் பக்கமா வருதாக்கும்" என்றாள்.

பாத்திரமெல்லாம் கழுவி வைத்த பிறகுதான் சேய்னி எங்கள் வீட்டுக்கு வந்தாள். முறைப்படி நான் பின்வாசலில் இருந்தேன். அவள் முன்வாசலில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி தோவாவிடம் பேசினாள். "அண்ணி, அண்ணனைக் கொஞ்சம் கேளுங்க, நான் எப்ப போகச் சொன்னேன்? இவர் பின்னாடியே அந்த ஒத்தைக்காது வந்து நின்னுகிட்டு, ராப்பகலா நான் அடிச்ச துணி வேலிக்கு வெளிய நீண்டுகிடந்த ஓரத்தை மென்னுகிட்டு இருந்துச்சு. வாயில குச்சி, கத்த முடியல. புருவத்தைத் தூக்காம நான் வேற எதைத் தூக்குறது?" என்றாள். தோவா அதை அப்படியே என்னிடம் திருப்பிச் சொன்னாள், சேர்த்தும் சொன்னாள். அப்போதே ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று தோவா வழியாகக் கேட்டேன். "போதகர் அறிவிச்சதை நான் ஆராதனையில எழுந்து மறுக்கணுமா? அதோட, கலோ அக்கா உயிரோட இருக்கையில சின்னவ நான் யாரு முடிவு சொல்ல? அக்காவைக் கேக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மிஞ்சிய லூவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே, நம் குடும்பத்தில் இதுவரை யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஒரு பன்றி துணியைத் தின்றது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. முடிவு உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், அதற்கு மேல் போதகரும் பேச முடியாது, சேய்னியும் பேச முடியாது. அந்த வார்த்தையைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவு எழுதினேன்.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. ரக்பி ஆடப் போய் முட்டி உடைந்து திரும்பி வந்த ஃபெலேதியை நினைவிருக்கும், அவன் ஜப்பானில் வடக்கே இருந்தவன். கவா குடிக்க உட்காரும்போதெல்லாம் அவனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பனி கதவு வரைக்கும் ஏறுமாம், மண்வெட்டியால் தோண்டித்தான் வெளியே வரவேண்டுமாம். இவள் இங்கே ஜூலைக் குளிர்காற்றுக்கே போர்வைக்குள் போய்விடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் திறந்திருக்குமாம், யாரும் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்களாம். கக்கூஸ் தானாகவே மூடியைத் திறந்து வரவேற்குமாம். குளிப்பதைப் பற்றி அவன் சொன்னதை அக்காவுக்குத் தம்பி எழுதக்கூடாது, அதைத் தோவா தனியாக எழுதுவாள். அதேபோல, சியாலேவைப் பாடகர் குழுவில் ஒரு பையனோடு சம்பந்தப்படுத்திச் சிலர் உங்களுக்குப் போனில் ஏதாவது சொல்லியிருப்பார்கள். அதைப் பற்றியும் நான் அக்காவிடம் பேசக்கூடாது, ஆகவே பேசவில்லை. அப்படி ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இதெல்லாம் காரணம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சரிக்கா. எங்கள் பெரிய மகன் ஒரு சீசன் பழம் பறித்துவிட்டு வருகிறேன் என்று ஆஸ்திரேலியா போனான், அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சின்னவன் போனான், அவனும் அங்கேயே. போனவர்கள் எல்லாரும் பணம் அனுப்புகிறார்கள், பீப்பாய் பீப்பாயாகச் சாமான் அனுப்புகிறார்கள், ஆளை மட்டும் அனுப்புவதில்லை. நீங்களே மூன்று வருடம் என்று சொல்லித்தான் விமானம் ஏறினீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், கை தானாக எழுதிவிட்டது. வீட்டில் மிச்சம் இருப்பது இவள் ஒருத்தி. காலையில் பன்றிகளுக்குத் தேங்காய் உடைத்துப் போட்டபடி இவள் பாடுகிற சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருக்கிறேன். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் நானும் தோவாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வது? அவளை விட்டு என்னால் இருக்க முடியாது அக்கா. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஊரே கை தட்டிக்கொண்டிருக்கிறது. அவளிடம் கேட்டால் "அத்தை என்ன சொல்றாங்களோ அதுதான்பா" என்று ஒரே பதில்.

ஆகவே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊரை நான் சமாளித்துக்கொள்கிறேன். பாயையும் துணியையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், தின்றதைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அடுத்த வாரக் கடைசிக்குள் அதிகாரிக்குப் பதில் சொல்லவேண்டும். புதன்கிழமை போதகரின் மனைவி தன் மகளின் பேறுகாலத்துக்கு ஆக்லாந்து வருகிறார், அவர் கையில் இந்தக் கடிதமும் சுட்ட கிழங்கும் வரும். படித்த கையோடு சேய்னிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். எனக்குச் செய்ய வேண்டாம், நான் சரிக்கா என்றுதான் சொல்வேன்.

உங்கள் காலடி நிழல் எங்கள் பிள்ளைகள் மேல் எப்போதும் இருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். ஃபிரிட்ஜும் சேய்னி வீட்டில் நலமாக இருக்கிறது.

என்றும் உங்களுக்குக் கீழே இருக்கும் தம்பி,
செமிசி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். போதகரின் மகளுக்குப் பிள்ளை முந்திப் பிறந்துவிட்டது, போதகரின் மனைவி திங்கட்கிழமையே அவசரமாக விமானம் ஏறிவிட்டார். இந்தக் கடிதம் என் பைபிளுக்குள்ளேயே கிடந்தது. வியாழக்கிழமை கிழங்குக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன், சியாலே தண்ணீர் கொண்டுவந்தாள். "அப்பா, நான் போகலைப்பா. நாளைக்கு அதிகாரிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். கலோ அத்தை வேண்டாம்னுட்டாங்கன்னு ஊர்ல சொல்லிடுங்க, யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள். நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்டது, கேட்காமலே என் மடியில் வந்து விழுந்தது. நான் எழுந்து ஆடியிருக்க வேண்டும். ஆனால், ஏன்டி திடீரென்று என்று கேட்டேன். "அன்னைக்கு விருந்துல நீங்க நின்னீங்களே, அதைப் பாத்த பிறகு எப்படிப்பா போறது?" என்றாள். உனக்குப் போக ஆசை இல்லையா என்றேன். "இல்லப்பா" என்றாள். வாய்தான் இல்லை என்றது. புருவம் இரண்டும் மேலே போயின, அவளை அறியாமலே போயின. நான் உடனே திரும்பிப் பின்னால் பார்த்தேன் அக்கா. பன்றி இல்லை.

"அத்தை நேத்தே போன் பண்ணிட்டாங்கடி, போய்ப் படிச்சுட்டு வரச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். நம் தலைமுறையில் அத்தையின் வாயைத் திருடிப் பேசியவன் நான் ஒருவன்தான். நீங்கள் கொடுக்கும் தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள், நானும் அழுதேன். அன்றைக்குப் புகை என்று சொல்லவும் வழி இல்லை. ஒற்றைக்காதை அவள் வரும்வரைக்கும் யாருக்கும் வெட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் இறந்தால்கூட வெட்ட முடியாது, அதற்கும் மன்னிப்பு.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு, கிழங்குக் கூடையோடு எதிரே நிற்கிறாளே, அவள்தான் சியாலே. மறுநாள் ஜப்பான் விமானம். உறையைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன், பிரித்துப் படிக்க மாட்டாள், அப்படி வளர்க்கவில்லை. அவளுக்குத் தடியாக ஒரு கோட்டு வாங்கிக் கொடுங்கள். சந்தேகம் இன்னும் தீரவில்லை அவளுக்கு. நீங்கள் இதைப் படித்து முடித்ததும், "அத்தை, நிஜமாவே நீங்கதான் போகச் சொன்னீங்களா?" என்று கேட்பாள். உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன் அக்கா. வாயைத் திறக்கவே வேண்டாம். புருவத்தை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள்.